ஆமையும் அமானத்தும்

நம் செந்தமிழில் 'காவல்' என்னும் சொல் இரு பொருள் தாங்கி நிற்கின்றது. வயலுக்குக் காவல் வைத்தார்கள் என்றால் பாதுகாப்பு என்பது பொருள். ஒருவனைக் காவலில் வைத்தார்கள் என்றாலோ சிறை என்பது பொருள். அரபு மொழியில் இவ்விரண்டிற்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. பாதுகாத்தலை 'ஹிஃப்ழு' என்றும், அடைத்துவைத்தலை 'ஹப்ஸு' என்றும் அம்மொழியினர் வழங்குவர். தமிழோ இரண்டையும் ஒரே சொல்லுக்குள் வைத்துவிட்டு, இது எந்தக் காவல் என்று பிரித்தறியும் பொறுப்பைச் சொல்பவனிடமே ஒப்படைத்திருக்கிறது. வாயற்ற ஓர் உயிரைச் சுற்றி வேலி எழுப்புகிற ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது: நாம் எழுப்பியது ஹிஃப்ழா, ஹப்ஸா?

இவ்வினாவை ஆராயுமாறு நம்மைத் தூண்டியவன், மரக்காணத்து உப்பளக் கரையில் நம்மிடம் ஓதவரும் பத்து வயதுச் சிறுவன் ஒருவன். மேற்கேயுள்ள புதர்க்காட்டிலிருந்து அவனுடைய மாமு ஓர் ஆமையைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். முதுகில் விண்மீன் கோலம் கொண்ட நட்சத்திர ஆமை அது. வீட்டுக் கொல்லையில் சவுக்குக் கம்புகளை நட்டு, பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டி, அதற்குள் அதை விட்டிருந்தார்கள். கீரையும் பூசணித் துண்டும் தின்று அது அங்கே வாழ்ந்துவந்தது. ஒரு மார்கழி இரவில் தெருநாய் ஒன்று வலையின் அடியில் மண்ணைப் பறித்து உள்ளே நுழைந்துவிட்டது. விடிந்தபோது எஞ்சியிருந்தது பற்கள் பதிந்த ஓடு மட்டுமே.

அச்சிறுவன் மக்தபிற்கு வந்து நம்மிடம் கேட்டான்: "ஹஜ்ரத், அதைக் கொன்ற பாவம் நாய்க்கா, எனக்கா?"

அவனுடைய அத்தா அவனுக்குச் சொல்லியிருந்த ஆறுதல் வேறு. ஓட்டோடு படைக்கப்பட்ட பிராணிக்கு அந்த ஓடே காவல். அதையும் மீறி இறந்தது என்றால் விதி முடிந்தது என்பதே அதன் பொருள். நாயின் குணம் கடிப்பது, அதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்று அவர் கூறியிருந்தார். அண்டைவீட்டார் ஒருவரோ, இறைச்சியில் நஞ்சு கலந்து வைத்தால் தெருவில் நாயே இராது என்று யோசனை சொல்லியிருந்தார். இவை எவற்றாலும் அப்பிள்ளையின் மனம் அமைதி பெறவில்லை. அமைதி பெறாதது நன்றே என்பது நம் கருத்து. ஏனெனில் அவன் கேட்டது சிறுபிள்ளைக் கேள்வியன்று. ஃபிக்ஹுக் கலை வல்லுநர்கள் பல நூற்றாண்டுகள் ஆராய்ந்த கேள்வி.

முதற்கண், அவனுக்குரிய விடையைக் கூறிவிடுவோம். பருவமடையாத பிள்ளையின் மீது மார்க்கக் கட்டளைகளின் பொறுப்பு இல்லை. அவனுக்கு எதிராகப் பாவம் எழுதப்படுவதில்லை. ஆகவே பாவம் அவனுக்கில்லை. நாயும் விலக்கல் ஏவல்களுக்கு உட்பட்ட படைப்பன்று. பசி அதை இழுத்தது. மூக்கு அதற்கு வழி காட்டியது. ஆகவே பாவம் அதற்கும் இல்லை. தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டு ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் கொணர்ந்து புகட்டிய மனிதர் மன்னிக்கப்பெற்றார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தியை நாம் அனைவரும் அறிவோம். ஆமையின் மீதுள்ள இரக்கத்தை நாய்க்கு நஞ்சாக மாற்றுகிறவர், இரக்கம் இன்னதென்பதை அறியாதவரே ஆவார்.

பிள்ளைக்கும் இல்லை, நாய்க்கும் இல்லை என்றால், அந்தக் கேள்வி அவ்விருவரையும் கடந்து, வீட்டின் பெரியவர்களிடம் வந்து நிற்கிறது. ஆகவே அவர்கள் சொல்லும் மூன்று சமாதானங்களையும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்பது நம் கடமையாகிறது.

முதலாவது, ஓடே காவல் என்பது. ஐம்பொறிகளை அடக்கி வாழ்வதற்கு உவமை தேடிய திருவள்ளுவர் ஐந்துறுப்புகளையும் உள்ளிழுக்கும் ஆமையைத்தான் எடுத்துக்கொண்டார். உவமையளவில் அது மிகப் பொருத்தமானது. ஆனால் உவமையில் வரும் ஓட்டை வைத்துக் கொல்லையில் கிடக்கும் ஆமையின் ஓட்டைக் கணக்கிடலாகாது. ஆமையின் ஓடு அது உடுத்திய சட்டையன்று, அதன் உடம்பு. விலா எலும்புகளும் முதுகெலும்பும் ஒன்றாக விரிந்து இணைந்ததே மேலோடு. அதன் மீது நம் நகத்தைப் போன்ற பொருளாலான தகடுகள் போர்த்தப்பட்டிருக்கின்றன. அதற்குள் இரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது. தொட்டால் அது உணரும்; கடித்தால் அதற்கு நோகும். நாயின் கண்ணுக்கோ அது கடித்துச் சுவைக்கத்தக்க ஓர் எலும்பு. குட்டி ஆமையின் ஓடு காகத்தின் அலகுக்கே தாங்காத மென்மையுடையது.

கொல்கத்தாவின் அலிப்பூர் விலங்குக்காட்சிச் சாலையில் 'அத்வைதா' என்னும் பேராமை ஒன்று இருந்தது. இந்தியப் பெருங்கடல் தீவான அல்டாப்ராவின் இனத்தைச் சேர்ந்த அது, ஆங்கிலத் தளபதி இராபர்ட் கிளைவின் தோட்டத்திலிருந்து வந்தது என்றும், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது என்றும் கூறப்பட்டது. 2006ஆம் ஆண்டு மார்ச்சில் அது இறந்தது. ஓட்டில் ஏற்பட்ட வெடிப்பும், அதன்வழி உண்டான புண்ணும் அதன் முடிவுக்குக் காரணமாயின என்று செய்திகள் கூறின. தலைமுறைகள் பல கண்ட அத்தகைய உயிருக்கே ஓடு ஒரு குறையாத கோட்டையாக அமையவில்லை என்றால், கொல்லையில் கிடக்கும் சிற்றாமையின் ஓட்டை நம்பி நாம் உறங்கச் செல்வது எங்ஙனம்?

இதனினும் முக்கியமான ஒன்று உண்டு. ஓடு ஆமைக்கு அளிக்கப்பட்ட காவலில் ஒரு பகுதி மட்டுமே. நட்சத்திர ஆமையின் முதுகிலுள்ள மஞ்சள் கோடுகளை நாம் அழகு என்கிறோம். காய்ந்த புல்லின் இடையில் அது அசையாது கிடந்தால் அக்கோடுகள் அதைக் கண்ணுக்கு மறைத்துவிடும். முட்புதர் அதற்கு மதில். புல்லின் அடர்த்தி அதற்குக் கூரை. வெயிலேறும்போது ஒதுங்கும் நிழலும், மழை வந்தால் நடமாடும் வழியும் அதற்குத் தெரியும். கொல்லையின் வெறும் மணலில் கொண்டுவந்து வைத்த நாளிலேயே இவையனைத்தையும் நாம் அதனிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டோம். ஓட்டை மட்டும் எடுக்க முடியவில்லை. ஆகையால் அதை விட்டுவைத்திருக்கிறோம்.

இந்த இடத்திலேதான் நம் கட்டுரையின் மையக் கருத்து அடங்கியுள்ளது. ஆமைக்கு வேலி கட்டுகிறவர் தாம் ஏதோ உபகாரம் செய்வதாக எண்ணுகிறார். அது உபகாரமன்று, கடன். இறைவன் அதற்கு அளித்திருந்த பாதுகாப்பை அகற்றியவர், அதற்கு ஈடான பாதுகாப்பைத் தரக் கடமைப்பட்டவர். உபகாரத்தைக் குறைத்துச் செய்தால் பழியில்லை. கடனைக் குறைத்துக் கொடுத்தால் பழி உண்டு.

இரண்டாவது சமாதானம், விதி. விதியின் மீது நம்பிக்கை கொள்வது ஈமானின் பகுதி, அதில் ஐயமில்லை. ஆயினும் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன்பால் தவக்குல் வைக்கலாமா என்று வினவிய ஒருவரிடம், முதலில் அதைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாகத் திர்மிதீயில் வருகிறது. கயிறு கையில் இருக்கையில் விதியைப் பற்றிப் பேசுதல் தகாது என்பதே இதன் படிப்பினை. அலையாத்திச் சேற்று நண்டு துளைத்துவிட்ட வரப்பைக் கண்டு, விதியென்று சொல்லிக் கரையில் அமர்ந்துவிடும் உப்பளத் தொழிலாளியை நாம் மரக்காணத்தில் கண்டதில்லை. நண்டைச் சபித்துக்கொண்டு நிற்பவரையும் கண்டதில்லை. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கிவிடுகிறார். உப்புக்குக் கொடுக்கும் இந்த மதிப்பை உயிருக்குக் கொடுக்கலாகாதா?

மூன்றாவது சமாதானம், நாயின் குணம் என்பது. ஆம், குணந்தான். அக்குணம் நமக்கு முன்கூட்டியே தெரியும் என்பதுதான் நம் பொறுப்பைக் கூட்டுகிறது. எதிர்பாராமல் விழுந்த இடிக்கு எவரும் பொறுப்பில்லை. நாள்தோறும் தெருவில் சுற்றும் நாய் எதிர்பாராத ஒன்றா? ஃபிக்ஹு நூல்களில் 'வதீஆ' என்னும் அடைக்கலப் பொருளைப் பற்றிய தனிப் பாடம் இருக்கிறது. ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த பொருள், நம் குறையின்றி அழிந்தால் நாம் ஈடு தரவேண்டியதில்லை. அதைத் தக்க இடத்தில் வைக்காமல் அழியவிட்டால் ஈடு தரவேண்டும். அந்தத் தக்க இடத்திற்கு 'ஹிர்ஸ்' என்று பெயர். நகைக்கு ஹிர்ஸ் பூட்டிய பெட்டி. ஆட்டுக்கு ஹிர்ஸ் பட்டி. பொருளுக்குப் பொருள் அது மாறுபடும். ஆட்டுப் பட்டியில் நகையைப் போட்டுவிட்டு, நானும் வேலிக்குள்தானே வைத்தேன் என்று வாதாட இயலாது.

ஆமையை எவரும் நம்மிடம் கையளிக்கவில்லை என்பது உண்மைதான். கேளாமலே நாமாக எடுத்துவந்த ஒன்றுக்கு, கேட்டுப் பெற்ற அடைக்கலத்தைவிடப் பொறுப்புக் குறையுமா, கூடுமா என்பதை வாசக அன்பர்களே சிந்திப்பார்களாக.

அங்ஙனமாயின் ஆமைக்கு ஹிர்ஸ் எது? ஹிஜ்ரி 660இல், அதாவது கி.பி. 1262இல், கெய்ரோவில் மறைந்த ஷாஃபிஈ மத்ஹபின் மாமேதை இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், 'சுல்தானுல் உலமா' என்று போற்றப்பட்டவர்கள். தங்களுடைய 'கவாயிதுல் அஹ்காம்' என்னும் நூலில், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை அவர்கள் வரிசைப்படுத்துகிறார்கள். முதுமையாலும் நோயாலும் பயன்படாமற் போனாலும் அவற்றுக்குச் செலவு செய்யவேண்டும். சக்திக்கு மீறிச் சுமத்தலாகாது என்பன அவற்றுள் சில. அந்த வரிசையில், அவற்றைத் துன்புறுத்தும் எதனுடனும், அது தன் இனமாயினும் பிற இனமாயினும், முட்டவோ முறிக்கவோ காயப்படுத்தவோ இடமாகும்படி ஒன்றாக விட்டுவைக்கலாகாது என்னும் கருத்தும் இடம்பெறுகிறது. ஏழரை நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஓர் இமாம், பகைப்பிராணியிடமிருந்து காப்பதை வளர்ப்புப் பிராணியின் உரிமையாகவே எழுதிவைத்துவிட்டார்கள் என்பது நாம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. உரிமை என்றால், அதைத் தரவேண்டிய கடன்காரர் ஒருவர் இருந்தாக வேண்டுமன்றோ?

அந்தக் கடனின் அளவையும் சிறிது சொல்லிவிடுவோம். உரிய உரிமம் பெற்று நில ஆமை வளர்க்கும் நம்மவர் அயல்நாடுகளில் உள்ளனர். அவர்களுக்கும் இது பயன்படும். நாய் வேலியைத் தாண்டுவதைவிட அதன் கீழ் மண்ணைப் பறிப்பதே மிகுதி. எனவே சுவரோ வேலியோ தரைக்குக் கீழும் ஓர் அடிக்குக் குறையாமல் இறங்க வேண்டும். வலையைவிடச் செங்கற்சுவர் சிறந்தது. வெளியே தெரிந்தால் ஆமை அத்திசையிலேயே முட்டிக்கொண்டிருக்கும். உள்ளே தெரிந்தால் நாயின் ஆசை தூண்டப்படும். பழைய மீன்வலை ஆமையின் காலையும் கழுத்தையும் சிக்கவைக்கும் கண்ணி. அது வேலிக்கு உதவாது. காகமும் பருந்தும் வானத்திலிருந்து வருபவை. ஆகவே குட்டிகளுக்கு மேலேயும் கம்பிவலை வேண்டும். கீரி பகலில் வரும். நரியும் பெருச்சாளியும் இரவில் வரும். கீரியும் எலியும் நுழையாத அளவுக்கு வலைக்கண் சிறிதாக இருக்கவேண்டும். பொழுது சாய்ந்ததும் மூடித் தாழிடத்தக்க கூண்டறைக்குள் எடுத்துவைத்துவிட வேண்டும். குளிர்நாடுகளில் பனிக்காலம் முழுதும் உறங்கிக் கிடக்கும் ஆமைகளை எலிகள் கொறித்துவிடும் கொடுமையும் உண்டு. பல்லாண்டு உடன்வாழ்ந்த வீட்டு நாயும் ஒருநாள் ஓட்டைக் கடித்துப் பார்க்கலாம் என்பதை மறக்கலாகாது.

வேலியே பகையாகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். உப்பு விளையும் கரையில் வெயிலின் கடுமையைச் சொல்லவேண்டியதில்லை. நிழலின்றி நான்கு சுவருக்குள் அடைபட்ட ஆமை நாயின்றியே இறந்துபோகும். மல்லாந்து விழுந்த ஆமை நிமிர முடியாமல் வெயிலில் கிடந்தால் அதன் கதியும் அதுவே. ஆழமற்ற தட்டில் நீரும், ஒதுங்க நிழலும், நாளொன்றுக்கு இருமுறையேனும் பார்க்கும் கண்ணும் வேலியின் பகுதிகளே. பூனையை அடைத்துவைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நாம் அறிந்ததே. அதில் வரும் சொல் 'ஹப்ஸு' என்னும் வேரிலிருந்து பிறந்தது. அவள் தானும் உணவளிக்கவில்லை. பூமியில் ஊர்வனவற்றைத் தின்று பிழைத்துக்கொள்ள அதை விடவுமில்லை. பேணு, அன்றேல் விடு என்னும் இரண்டு வழிகளே அங்கே காட்டப்படுகின்றன. மூன்றாவது வழி இல்லை.

இங்கே நம் குடும்பங்கள் கவனிக்கவேண்டிய வேறொன்றும் உண்டு. நாய்களும் காகங்களும் நம் தெருவில் பெருகுவதற்குக் காரணம் யார்? மீன் கழிவையும் ஆட்டுக் குடலையும் மூலையில் கொட்டுகிறோம். குர்பானி நாட்களில் புதைக்கவேண்டியவற்றைப் புதைக்காமல் வெளியில் எறிகிறோம். பந்தியில் மிஞ்சியதைத் தெருவோரம் தள்ளுகிறோம். பகையை வேலிக்கு வெளியே நாமே ஊட்டி வளர்த்துவிட்டு, வேலிக்கு உள்ளே காவலைப் பற்றிப் பேசுகிறோம். வீட்டு வாசலின் தூய்மையும் ஆமைக்கு இடும் வேலியின் ஒரு கல்லாகும்.

இனி, ஒரு மறுப்பு எழலாம். நாயகத் தோழர் அனஸ் (ரழி) அவர்களின் தம்பியான அபூ உமைர் என்னும் சிறுவர், சிறு குருவி ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாரே, அதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லையே என்று கேட்கலாம். தடுக்கவில்லை என்பது உண்மை. அக்குருவி இறந்தபோது துயருற்றிருந்த அச்சிறுவரிடம், அதைப் பற்றி அன்போடு விசாரித்து அவர் மனத்தைத் தேற்றினார்கள். இந்த ஒரே நபிமொழியிலிருந்து ஏறத்தாழ அறுபது படிப்பினைகளைத் திரட்டி ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் ஒரு தனி நூலே யாத்தார்கள். பிள்ளையின் துயரைச் சிறிதென்று தள்ளலாகாது என்பதையும், உரிய முறையில் பேணுவதாயின் பறவையை வைத்திருக்கலாம் என்பதையும் அறிஞர்கள் அதிலிருந்து பெற்றார்கள். ஆகவே வளர்ப்பதே பாவம் என்று நாம் கூறவில்லை. ஆகுமானது என்பது வேறு. பொறுப்பற்றது என்பது வேறு. ஆகுமாக்கப்பட்ட ஒவ்வொன்றும் தன் நிபந்தனைகளைத் தன்னோடு கொண்டே வருகிறது.

மற்றொரு மறுப்பு இதனினும் நுட்பமானது. காட்டில் நரியும் உடும்பும் உள்ளன. நம் சுவருக்குள் அவை இல்லை. எனவே ஆமையைப் பிடித்துவந்து காப்பதே அதற்குச் செய்யும் பேருதவியன்றோ என்பார்கள். இப்படி வாதிடுவோர், ஆமையின் வாழ்வை அதன் ஆயுட்காலமாக மட்டுமே எண்ணுகிறார்கள். தன் துணையைத் தேடி நடப்பதும், முட்டையிட மண் தேர்வதும், மழைக்குப் பின் தளிர்த்த புல்லைத் தேடிச் செல்வதும் அதன் வாழ்வின் பகுதிகளே. பூமியில் வாழும் பிராணிகளும் பறவைகளும் மனிதர்களைப் போன்ற சமுதாயங்களே என்று திருமறையின் ஆறாம் அத்தியாயம் அறிவிக்கிறது. சமுதாயத்திலிருந்து ஒருவரைத் தனியே பிரித்துச் சுவருக்குள் வைத்து, உனக்கு இனி ஆபத்தில்லை என்று கூறுவதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன என்பதை முதலிலேயே கண்டோம். காட்டு நரிக்கு அஞ்சும் ஆமை, தன் வாழ்வுக்குள் நின்று அஞ்சுகிறது. அந்த அச்சத்தைப் போக்குவதற்காக அதன் வாழ்வையே எடுத்துவிடுவது காவலாகாது.

அன்றியும், ஆமைக்கு மிகப் பெரும் பகை நாயுமன்று, நரியுமன்று. மரக்காணம் செல்லும் அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்தின் அருகே, 1976இல் நிறுவப்பட்ட சென்னை முதலைப் பண்ணை உள்ளது. மதிலும் காவலும் உடைய அவ்விடத்திலிருந்தே அல்டாப்ரா பேராமை ஒன்று 2021இல் களவு போயிற்று. நாய்க்கு எழுப்பிய சுவர் மனிதனின் பேராசைக்கு உயரம் போதவில்லை. நட்சத்திர ஆமையின் நிலையும் அதுவே. பெட்டிகளில் அடுக்கி அயல்நாட்டுக்குக் கடத்தப்பட இருந்த ஆமைகள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. ஆமை இருந்தால் செல்வம் சேரும் என்று இக்காலத்தில் வேறொரு நம்பிக்கையும் பரவியிருக்கிறது. ஒன்று அதைக் கல்லால் அடிக்கத் தூண்டுகிறது. மற்றொன்று காசு கொடுத்து வாங்கத் தூண்டுகிறது. தீமையும் நன்மையும் இறைவனிடமிருந்தே என்று நம்புகிற நமக்கு இவ்விரண்டும் ஆகா.

இக்காரணங்களால்தான் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், நட்சத்திர ஆமையைப் பிடிப்பதையும் விற்பதையும் வீட்டில் வைத்திருப்பதையும் நம் நாட்டில் குற்றமாக்கியிருக்கிறது. 2019இல் ஜெனீவாவில் கூடிய பன்னாட்டு மாநாடு, அதன் உலக வணிகத்துக்கு மிகக் கடுமையான தடையை விதித்தது. காட்டுப் பிராணி பிடித்தவனுக்கே சொந்தம் என்பது பழைய ஃபிக்ஹின் பொதுவிதியாயிற்றே என்று சிலர் கேட்கக்கூடும். புதர்கள் அழிந்து, வேட்டை பெருகி, இனமே குறைந்துவரும் நாளில், பொதுநலன் கருதி ஆட்சியாளர் விதிக்கும் நியாயமான தடைக்குக் கட்டுப்படுதல் கடமை என்பதும் அதே ஃபிக்ஹின் விதிதான். ஆகையால் நம் வீடுகளுக்குரிய விடை தெளிவானது. புதரில் கண்ட ஆமையைப் புதரிலேயே விட்டுவிடவேண்டும். முன்னரே எவரிடமேனும் இருந்தால், வனத்துறையினரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். நாமாகக் கொண்டுபோய் எங்கேனும் விட்டுவிடுவதும் தவறு. அது அதன் இடமாக இராது. வீட்டில் தொற்றிய நோயைக் காட்டு ஆமைகளுக்குப் பரப்பவும் கூடும்.

அவ்வாறாயின் ஹிஃப்ழு என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு எங்கே என்று கேட்டால், நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. மரக்காணத்தை உள்ளடக்கிய சோழமண்டலக் கரைக்கே போகலாம். தை, மாசி, பங்குனி மாதங்களில் இரவின் இருளில் கடலாமைகள் இக்கரையேறி மணலில் முட்டையிடுகின்றன. நம் மீனவ மக்கள் அவற்றைப் பங்குனி ஆமை என்பர். ஒரு குழியில் நூறு முட்டை அளவில் இட்டு மூடிவிட்டுத் தாய் ஆமை கடலுக்குத் திரும்பிவிடுகிறது. நாயும் நரியும் அக்குழிகளைத் தோண்டுகின்றன. காகமும் நண்டும் குஞ்சுகளுக்காகக் காத்திருக்கின்றன. முட்டைக்காக மனிதரும் தோண்டியதுண்டு.

இதற்காக இளைஞர்களும் வனத்துறையினரும் இரவெல்லாம் கரையில் நடக்கிறார்கள். சென்னையில் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இப்பணியைச் செய்துவருகிறது. முட்டைகளைச் சில மணி நேரத்திற்குள், உருட்டாமல், குலுக்காமல் எடுத்துச் சென்று, வேலியிட்ட மணற்பரப்பில் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். காலம் தாழ்த்தி எடுத்தாலோ புரட்டினாலோ உள்ளே உள்ள கரு இறந்துவிடும். 45 முதல் 60 நாட்கள் அந்த வேலி காக்கிறது. குஞ்சுகள் மணலைக் கிழித்து வெளிவந்ததும் அவற்றைக் கடலோரம் கொண்டுசென்று, தாமே ஊர்ந்து அலையைச் சேரும்படி விடுகிறார்கள். 2024ஆம் ஆண்டின் பருவத்தில் மட்டும் தமிழகக் கரையில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட குஞ்சுகள் இவ்வாறு கடல் புகுந்தன.

அவற்றுள் முழு வளர்ச்சி பெறுவது ஆயிரத்தில் ஒன்று என்ற அளவே என்பர். கடலிலும் மீனும் வலையும் காத்திருக்கின்றன. 2025 சனவரியில் சென்னையையொட்டிய கரைகளில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட கடலாமைகள் இறந்து ஒதுங்கியதை நாடே கண்டது. மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வரவேண்டிய அவை இழுவைமடிகளில் சிக்கினால் மூழ்கி இறந்துவிடும். இதற்காகவே கரையிலிருந்து ஐந்து கடல்மைலுக்குள் இழுவைமடி கூடாது என்னும் விதி மதிக்கப்படவேண்டும் என்று அறிந்தோர் வற்புறுத்துகின்றனர். இத்தனை ஆபத்தும் தெரிந்திருந்தும், குஞ்சுகளைத் தொட்டியிலேயே வைத்து வளர்ப்போம் என்று அந்த இளைஞர்கள் கூறுவதில்லை. நிலத்தில் நாம் உண்டாக்கிய ஆபத்துக்கு நிலத்தில் வேலி கட்டுகிறார்கள். கடலில் நாம் உண்டாக்கிய ஆபத்துக்குக் கடலில் விதி கேட்கிறார்கள். இறைவன் வகுத்த வாழ்வை மட்டும் அவற்றிடமே விட்டுவிடுகிறார்கள். கடனை அடைத்தவர், அடைத்த பின்னும் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை.

பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு உயிர்களிடம் இரக்கத்தைக் கற்பிக்க விரும்பினால், ஆமையைக் கூண்டில் காட்டுவதைவிட இந்தக் கரைக்கு ஓர் இரவு அழைத்துச் செல்வது மேல். கைவிளக்கை அணைத்துவிட்டு, வனத்துறையினரின் அனுமதியோடு, அமைதியாக நின்று பார்க்கட்டும். ஒளி கண்டால் குஞ்சுகள் கடலை விட்டுத் தெருவை நோக்கி ஊர்ந்துவிடும். ஆகவே விளக்கை அணைப்பதும் ஒரு காவல் என்பதை அப்பிள்ளைகள் அங்கே கற்றுக்கொள்வார்கள். சொந்தமாக்கிக்கொள்ளாமலே ஓர் உயிரை நேசிக்கலாம் என்பதையும் கற்றுக்கொள்வார்கள்.

நம் பொறுப்பில் வந்துவிட்ட ஒவ்வோர் உயிருக்கும் உரிய காவலைக் குறைவின்றி அளிக்கவும், நம் பொறுப்பில் வரவேண்டாத உயிர்களை அவற்றின் போக்கில் விட்டுவிடவும், இவ்விரண்டையும் பிரித்தறியும் அறிவையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.